பழைய பாய்மரக் கப்பலைச் சோதித்து வாங்கிய முறை: ஒரு வரலாறு

மரத்தால் கட்டிய பாய்மரக் கப்பலில் பெரும் பழுதுகள் கண்ணுக்குத் தெரியாத இடங்களிலேயே தொடங்கின. வெளிப்பலகைக்கும் உட்பலகைக்கும் நடுவே காற்றோட்டமின்றி அடைபட்ட வங்குகளை, அதாவது கப்பலின் விலாச் சட்டங்களை, பூஞ்சை அரித்தது. நீர்மட்டத்துக்குக் கீழே கப்பல்புழு சிறு துளை வழியாக நுழைந்து, பலகையின் உட்புறத்தைக் குடைந்தது. புதிதாகப் பூசிய தார் இரண்டையும் மறைத்துவிடும். 1782-இல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் துறையில் ‘ராயல் ஜார்ஜ்’ போர்க்கப்பல், பழுதுபார்ப்பதற்காகச் சாய்த்திருந்த நிலையில் மூழ்கியது. ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். சட்டகம் உளுத்து அதன் ஒரு பகுதி முறிந்திருக்க வேண்டும் என்று விசாரணை மன்றம் கருதியது.

வணிகக் கப்பல்களின் தரத்தை எழுதிவைக்கும் முறை லண்டன் காப்பீட்டாளர்களிடம் உருவானது. எட்வர்ட் லாயிட் தொடங்கிய காப்பிக் கடையில் கூடிவந்தவர்கள் 1760-இல் பதிவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். இன்று எஞ்சியுள்ள அவர்களின் மிகப் பழைய பதிவேடு 1764–66 காலத்தது. அதில் கப்பலின் உடற்பகுதிக்கு ஏ, ஈ, ஐ, ஓ, யு என ஐந்து தரங்களும், பாய், கயிறு, நங்கூரம் போன்ற தளவாடங்களுக்கு நன்று, நடுத்தரம், மோசம் என்று மூன்று தரங்களும் இருந்தன. பின்னர் தளவாடங்களுக்கு எண்கள் வந்தன. மிக உயர்ந்த தரம் ‘ஏ1’ ஆனது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இம்முறை வழிதவறியது. கட்டிய இடத்தையும் வயதையும் மட்டும் வைத்துத் தரம் தரப்பட்டது. தேம்ஸ் நதிக்கரையில் கட்டியவற்றுக்குச் சலுகை கிடைத்தது. சினமுற்ற கப்பல் உரிமையாளர்கள் 1799-இல் தனிப் பதிவேடு தொடங்கினர். வயதை மட்டும் வைத்து மரக்கப்பலை மதிப்பிடுவது பெரும்பிழை. 1817-இல் பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டப்பட்ட ‘டிரிங்கோமலி’ இன்றும் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. பச்சை மரத்தில் கட்டிய கப்பலோ சில ஆண்டுகளிலேயே அழுகிவிடும்.

1834-இல் இரு பதிவேடுகளும் இணைந்தபோது விதிகள் மாறின. மரத்தின் வகை, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றைப் பொறுத்து உயர்தரத்துக்கான ஆண்டுகள் வரையறுக்கப்பட்டன. கெடு முடிந்த கப்பல் மறுசோதனையில் தேறினால் தரம் நீட்டிக்கப்பட்டது.

சோதனை உலர்துறையில் நடந்தது. ஆய்வாளர் முதலில் தொலைவில் நின்று கப்பலின் அடிமரமான ஏராவின் கோட்டைப் பார்ப்பார். இரு முனைகளும் தாழ்ந்து நடுப்பகுதி மேலெழுந்திருந்தால் கட்டுமானம் தளர்ந்துவிட்டது என்று பொருள். பிறகு பலகைகளைச் சுத்தியலால் தட்டுவார். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் துளையிட்டு மரத்தூளைப் பார்ப்பார். தேவையானால் சில பலகைகளைக் கழற்றி வங்குகளைக் காண்பார். மூட்டுகளில் நீர் புகாதபடி அடைத்த கலப்பற்று, ஆணிகள், பாய்மரத்தின் அடி, கயிறுகள் ஆகியவற்றையும் சோதிப்பார்.

செப்புத்தகடு வந்தபின் புதிய சிக்கல் எழுந்தது. 1761-இல் ‘அலார்ம்’ போர்க்கப்பலுக்குப் புழுவைத் தடுக்கச் செப்புத்தகடு போர்த்தினர். தகடு புழுவைத் தடுத்தது. ஆனால் கடல்நீரில் செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் சில ஆண்டுகளுக்குள் அரித்துப்போயின. அதன்பின், தகடு போர்த்திய கப்பலில் ஆணிகள் எந்த உலோகத்தாலானவை என்பதும் முக்கியக் கேள்வியாயிற்று.

தரச்சான்று பெறுவதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. உளுத்த கப்பல்களை மலிவாக வாங்கி, அதிகத் தொகைக்குக் காப்பீடு செய்து, மாலுமிகளைக் கடலுக்கு அனுப்பியவர்களை எதிர்த்து நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடினார். 1876-ஆம் ஆண்டுச் சட்டம், சரக்கேற்றும் வரம்பைக் காட்டும் சுமைக்கோட்டைக் கட்டாயமாக்கி, பாதுகாப்பற்ற கப்பல்களைத் தடுத்துவைக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் சிறு பாய்மரப் படகுகள் கண்ணாடியிழையால் கட்டப்பட்டன. புழுவும் பூஞ்சையும் அதைத் தின்பதில்லை. ஆனால் மேற்பூச்சினூடே நீர் ஊடுருவிக் கொப்புளம் எழுப்பும், மேல்தளத்தின் இழை அடுக்குகளுக்கு நடுவிலுள்ள இலேசான மரம் ஈரமேறி அழுகும். ஈரமானியோடு சுத்தியலும் இன்னும் பயன்படுகிறது. மந்தமான ஒலி அடுக்குகள் பிரிந்திருப்பதைக் காட்டும். ஏராவை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகள், அந்த மூட்டைச் சுற்றிய விரிசல்கள், பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் நுனிகள், எஞ்சின், பாய்கள் ஆகியவற்றையும் பார்த்து, கடலில் ஓட்டிச் சோதித்த பிறகே விலை முடிவாகிறது. பழைய படகுக்குக் காப்பீடு தரும் நிறுவனங்கள் பலவும் ஆய்வாளரின் அறிக்கையை முதலில் கேட்கின்றன.