கல்பாத்தியின் சக்கையும் கடல் கடந்த சொற்களும்

ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் மாம்பழத்தின் பெயர் ‘மாங்கோ’, எழுத்தும் ஒன்றே. தேக்கு ஆங்கிலத்தில் ‘டீக்’, ஸ்பானியத்தில் ‘தேக்கா’. இவை அவ்விரு மொழிகளும் லத்தீனிலிருந்து பெற்ற பொதுச்சொத்து அல்ல. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தபின், மலபார்க் கரையில் வணிகம் செய்த போர்ச்சுகீசியரின் வாய்வழியே ஐரோப்பா சென்றவை.

அச்சொற்கள் தமிழுடையனவா, மலையாளத்துடையனவா? மலையாளம் ‘மாங்ங’ என்கிறது. பேச்சுத் தமிழ் ‘மாங்கா’ என்கிறது. இரண்டும் இத்துணை நெருங்கி நிற்பதால், அகராதிகள் சில மலையாளத்தையும் சில தமிழையும் மூலமாகக் காட்டுகின்றன.

பலாவில் அந்த ஐயம் இல்லை. போர்ச்சுகீசிய ‘ஜாக்கா’வுக்கும் அதன்வழி வந்த ஆங்கில ‘ஜாக்’குக்கும் வேர் மலையாளத்தின் ‘சக்க’. தமிழின் பொதுவழக்கில் சக்கை என்பது சாறு பிழிந்தபின் எஞ்சுவது மட்டுமே.

ஆயினும் பாலக்காட்டுக் கல்பாத்தியின் அக்ரகாரத் தமிழில் பலாவே சக்கை. வெல்லம் சேர்த்துக் கிளறினால் சக்கை வரட்டி. தமிழகத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் குடியேறியோர் அண்டை மொழியிலிருந்து ஏற்றுக்கொண்ட சொல் இது. இதனைக் ‘கலப்புத் தமிழ்’ என்று நகைப்போர் உண்டு. லிஸ்பனும் லண்டனும் கடன்பெற்ற அதே சொல்லையே கல்பாத்தியும் பெற்றது. அங்கே அது சொல்வளம். இங்கே மட்டும் அது மொழிக்குறை ஆவது எவ்வாறு? சொற்களைப் பகிர்வது மொழிகள் அருகருகே வாழ்ந்ததற்கான சான்று. தூய்மை இழந்ததற்கானது அன்று.