பிசிஆர்-ஏபிஎல் புரதம்

பிசிஆர்-ஏபிஎல் என்பது நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் சமிக்ஞைப் புரதம். வளர வேண்டும், பிரிய வேண்டும், நிறுத்த வேண்டும் என்ற தகவல்களைச் செல்லுக்குள் கொண்டுசேர்ப்பவை சமிக்ஞைப் புரதங்கள். அவற்றில் டைரோசின் கைனேஸ் வகையைச் சேர்ந்தவை, ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்திலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலத்தில் பொருத்தும். பாஸ்பேட் ஏறினால் சமிக்ஞை ஓடும், இறங்கினால் அடங்கும். இவ்வகையைச் சேர்ந்த பிசிஆர்-ஏபிஎல் ஓய்வதே இல்லை. அதனால் ரத்த வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன.

கண்டறிந்த வரலாறு

பிலடெல்பியாவில் பணியாற்றிய பீட்டர் நோவெல், வெள்ளணுக்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். செல்கள் உப்பி, குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அவரும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் இந்நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்று இருப்பதை 1960இல் அறிவித்தனர். அது பிலடெல்பியா குரோமோசோம் எனப் பெயர்பெற்றது. 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் உருவானதே அது என்று 1973இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி காட்டினார்.

எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் தரும் ஏபெல்சன் வைரஸின் புரதம் டைரோசினில் பாஸ்பேட் ஏற்றுவதை 1980இல் ஓவன் விட்டே, டேவிட் பால்டிமோர் குழு கண்டது. அதற்கு இணையான மனித மரபணு ஏபிஎல். 9ஆம் குரோமோசோமில் உள்ள இது, துண்டு மாற்றத்தில் 22ஆம் குரோமோசோமின் பிசிஆர் மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது என்பது 1980களில் தெளிவானது. இயல்பான ஏபிஎல் தன் முனைப்பகுதியைக் கொண்டு தன்னையே பூட்டிவைக்கும். இணைந்த புரதத்தில் அம்முனை இல்லை; பிசிஆர் பகுதியோ புரதங்களை ஒன்றுசேர்த்து ஒன்றையொன்று தூண்டவைக்கிறது. 1990இல் இந்த இணைந்த மரபணுவைப் புகுத்திய எலிகளுக்கு இதே நோய் வந்தது. காரணம் உறுதியாயிற்று.

மருந்து

பாசெலில் சீபா-கெய்கி நிறுவனத்தின் நிக்கோலஸ் லைடன் குழு, இப்புரதத்தில் ஏடிபி அமரும் பள்ளத்தை அடைக்கும் இமாடினிப் மருந்தை உருவாக்கியது. ஒரிகனில் பிரையன் ட்ரூக்கர் 1998இல் மனிதச் சோதனையைத் தொடங்கினார். நாளுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதி அளித்தது. இதை முதல் சிகிச்சையாகப் பெற்றோரில் சுமார் 83 விழுக்காட்டினர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர்.

இதன் பலன் எளியவரைச் சேர விலை தடையாக நின்றது. இந்தியாவில் காப்புரிமையாளரின் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய் ஆனது. உள்நாட்டு மருந்து சுமார் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. இமாடினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு, சீபா-கெய்கி இணைந்து உருவான நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அந்த நிராகரிப்பை உறுதிசெய்தது. இப்புரதத்தின் வரலாற்றில் ஆய்வகக் கண்டுபிடிப்புகளுக்கு இணையான இடம் இத்தீர்ப்புக்கும் உண்டு.

எதிர்ப்பு

மருந்துக்கு எதிராகப் புரதமும் மாறியது. அதன் 315ஆம் இடத்திலுள்ள திரியோனின் என்னும் அமினோ அமிலம் ஐசோலூசினாக மாறினால் இமாடினிப் பிடிப்பிழந்துவிடும் என்று 2001இல் சார்ல்ஸ் சாயர்ஸ் குழு கண்டது. அடுத்து வந்த டாசாடினிப், நைலோடினிப் ஆகியவையும் இம்மாற்றத்திடம் தோற்றன. 2012இல் வந்த பொனாடினிப் வென்றது. 2021இல் அனுமதி பெற்ற அசிமினிப் ஏடிபி பள்ளத்தை நாடுவதில்லை. இயல்பான ஏபிஎல் தன் முனையைச் செருகிப் பூட்டிக்கொள்ளும் பள்ளத்திலேயே அமர்ந்து, புரதம் இழந்த பூட்டை மீண்டும் போடுகிறது.