ஃபோர்ட்டிநைனர் படகோட்டமும் சென்னை இணையும்

ஃபோர்ட்டிநைனர் என்பது இருவர் செலுத்தும், 4.99 மீட்டர் நீளமுள்ள பந்தயப் பாய்மரப் படகு. ஜூலியன் பெத்வெயிட் வடிவமைத்த இது, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமானது. ஒருவர் சுக்கான் பிடிப்பார். மற்றவர் பாய்க்கயிறுகளைக் கையாள்வார். காற்று வலுக்கும்போது இருவரும் கம்பியில் தொங்கியபடி படகுக்கு வெளியே சாய்ந்து, தம் உடல் எடையால் அதைச் சமன்செய்வர். ஒருவர் பிசகினாலும் படகு கவிழக்கூடும்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மாலவ் ஷ்ராஃப், சுமீத் பட்டேல் இணை இப்பிரிவில் இந்தியாவுக்காகப் போட்டியிட்டது. சென்னையைச் சேர்ந்த கே. சி. கணபதி, வருண் தக்கர் இணை 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றது. 2021 ஏப்ரலில் ஓமானின் முசானாவில் தகுதி பெற்று, டோக்கியோ ஒலிம்பிக்கில் 19 படகுகளில் 17-ஆம் இடம் பெற்றது.

அதுவரை ஓர் ஒலிம்பிக்கில் ஒரு படகோட்டப் பிரிவில் மட்டுமே பங்கேற்றுவந்த இந்தியா, டோக்கியோவில் மூன்று பிரிவுகளில் பங்கேற்றது. சென்னையின் நேத்ரா குமணன், வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் ஆகியோர் தனிநபர் பிரிவுகளில் போட்டியிட்டனர். நால்வருமே தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள்.