அமானிதமும் ஒரு லத்தீன் சொல்லும்

உம்மம்மாவின் தகரப் பெட்டியிலிருந்த 1951ஆம் ஆண்டு உறுதியைச் சென்ற விடுமுறையில் எடுத்து வாசித்தேன். வளவு மகளுக்கு, அவள் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது, அவளுக்குப் பின் அவள் பிள்ளைகளைச் சேர வேண்டும் என்றிருந்தது. கல்முனைக் கரையில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்தே கலியாணம் செய்கிறோம். மருமகனின் கடனில் வீடு போய்விடுமோ என்ற ஒரு வாப்பாவின் பயம் அந்த வரிகளில் தெரிந்தது. சட்டம் இதற்கு வைத்திருந்த பெயர் பிடேகொமிஸம்.

லத்தீனில் 'பிதேஸ்' நம்பிக்கை, 'கொமிஸ்ஸும்' ஒப்படைக்கப்பட்டது. நம் நாவில் சொன்னால் அமானிதம். பண்டைய உரோமரின் மரணசாசனத்தால் அந்நிய நாட்டார் சொத்துப் பெற முடியாது. ஆகவே, தகுதியுள்ள ஒருவருக்கு எழுதிவைத்து, 'இதை இன்னாரிடம் சேர்ப்பித்துவிடு' என்று கேட்டுக்கொள்வார்கள். அவர் சேர்ப்பிக்காவிட்டால் வழக்கில்லை. மானம் மட்டுமே பிணை. அகுஸ்துஸ் சக்கரவர்த்தி கொன்சல்களைத் தலையிடச் செய்த பின்னரே அதற்குச் சட்டவலு வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஹட்ரியன் காலத்தில் அந்த அந்நியருக்கே இவ்வழியும் அடைக்கப்பட்டது.

ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோமன்-டச்சுச் சட்டத்தோடு இச்சொல் நம் கரையிலும் இறங்கிற்று. ஹிபாவிலோ கொடுத்தவர் கைவிட வேண்டும், பெற்றவர் கையேற்க வேண்டும். பிறவாத பேரப்பிள்ளைக்கு ஹிபா இல்லை. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இரண்டையும் பிரித்து வைத்தது: பிடேகொமிஸம், சீவிய உரித்து, நம்பிக்கைப் பொறுப்பு கலவாத நன்கொடைக்கே முஸ்லிம் சட்டம். மறு ஆண்டே வீரசேகர எதிர் பீரிஸ் வழக்கில், ஒரு முஸ்லிம் தந்தை மகனுக்கு இவ்விதம் எழுதிய உறுதி செல்லும் என்று பிரிவுக் கவுன்சில் தீர்த்தது.

இது ஷரீஅத்துக்குப் புறம்பு என்று மௌலவிமார் சொன்னால் மறுக்க என்னிடம் கிதாபு இல்லை. மற்றப் பிள்ளைகளின் பங்கு என்னாவது என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனாலும் அந்த வாப்பாமார் பார்த்தது மகளின் கூரையை.

1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பிடேகொமிஸத்தை ஒழித்தது. வைத்திருந்தவரே முழு உரித்தாளரானார். உம்மம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. வளவு கேட்டு வந்தவர்களிடம், "இது என்ட இல்ல மனே, பிள்ளைகள்ட அமானிதம்" என்றே கடைசிவரை சொல்லியனுப்பினா. அந்த வீட்டில் இப்போது உம்மா இருக்கிறா.