டகோட்டாவின் சரக்குக் கதவு

1935 டிசம்பர் 17 அன்று முதன்முறை பறந்த டக்ளஸ் டிசி-3 பயணிகளுக்கான இரட்டை என்ஜின் விமானம். அதன் ராணுவ வடிவம் சி-47. பிரிட்டிஷார் வைத்த பெயர் டகோட்டா. தரையைப் பலப்படுத்தி, உடலின் இடப்புறம் இறக்கைக்குப் பின்னால் அகன்ற இரட்டைக் கதவு வைத்தார்கள். ஜீப்பும் சிறு பீரங்கியும் அதன் வழியே உள்ளே போயின.

கதவின் முன்மடலுக்குள்ளேயே இன்னொரு சிறு கதவு உண்டு. ஆள் ஏறி இறங்க அது போதும். சரக்கு வந்தால்தான் இரு மடல்களும் வெளிப்பக்கமாகத் திறக்கும். பாராசூட் வீரர்கள் குதிக்கும்போது மடல்களையே கழற்றிவிட்டுப் பறப்பதும் வழக்கம்.

இந்தக் கதவு இல்லாத உடன்பிறப்பு சி-53. அது வீரர்களை ஏற்றவும் கிளைடர் இழுக்கவும் பயன்பட்டது. கனரகச் சரக்குக்கு உதவவில்லை.

ஒரு குறை மட்டும் கடைசிவரை தீரவில்லை. வால் சக்கரத்தில் நிற்பதால் தரை சாய்ந்திருக்கும். ஏற்றிய பாரத்தை முன்பக்கம் மேட்டில்தான் தள்ள வேண்டும். 1948இல் பெர்லினுக்கு வான்வழி உணவும் நிலக்கரியும் அனுப்பியபோது, சமதளத் தரை கொண்ட நான்கு என்ஜின் சி-54 முந்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.