வரிப்பந்தும் கோட்டுப்பாலும்

திருமுருகாற்றுப்படையில் மதுரை வாயிலைக் காட்டுமிடத்து நக்கீரர் ஒரு பந்தைத் தொங்கவிடுகிறார். பகைவரைப் பெண்டிராக எண்ணி இகழும் குறிப்போடு, உயர்ந்த கொடியருகே பந்தும் பாவையும் கட்டப்பட்டிருந்தன. அப்பந்துக்கு அவர் தரும் அடை 'வரிப்புனை' என்பது. பெரும்பாணாற்றுப்படையிலும் நற்றிணையிலும் பந்து இவ்வாறே வரியோடு சேர்ந்து வருகிறது. வரி யாது? மாணவரைக் கேட்டால் கோடு என்பர். வண்ணக் கோடு தீட்டிய பந்து என்று எழுதியும் விடுவர். பழைய உரை கண்ட பொருள் வேறு: நூலால் வரிந்த பந்து. வரிதல் என்பது இறுகச் சுற்றிக் கட்டுதல். உரையே பொருத்தம் என்பது என் துணிபு.

கொங்குவேளிர் இதற்குச் சான்று தருகிறார். பெருங்கதை வத்தவ காண்டத்தில் பந்தடி கண்ட பகுதியில், பந்து செய்யும் முறையே பேசப்படுகிறது. நெட்டியும் பூளையும் துணிக்கிழியும் பஞ்சும் சேர்த்துத் திரட்டி, பீலியும் மயிரும் சுற்றி, அதன்மேல் நூலையும் கயிற்றையும் நுண்ணிதாக வரிந்தனர்.

வரிந்த நூலே அணியாகவும் ஆவது எங்ஙனம்? அப்படிப் புனைந்த பழந்தமிழ்ப் பந்தொன்றை நான் கண்டதில்லை. ஆகவே ஜப்பானியரின் 'தெமரி'யை நோக்க வேண்டியிருக்கிறது. 'தெ' என்றால் கை, 'மரி' என்றால் பந்து. எடோ காலத்தில் (1603–1868) பட்டு நூலால் உயர்குடி மகளிர் செய்ததும், பருத்தி நூல் மலிந்தபின் எளியோர் வீடுகளுக்கும் வந்ததும் இதுவே. உள்ளீடு பழந்துணியோ நெல் உமியோ ஆகலாம். அதன்மேல் தடித்த நூலும், பின்பு மெல்லிய நூலும், அடிநூல் தெரியாதவாறு சுற்றுவர். அந்த நூற்படலமே ஊசி ஏறும் நிலம்.

இதில் லேஸ் போன்ற கோலம் தைப்பது பொறுமைக்குச் சோதனை. காகிதக் கீற்றால் பந்தின் சுற்றளவை அளந்து, மேல்முனை, கீழ்முனை, நடுவட்டம் மூன்றையும் குண்டூசியால் குறிப்பர். முனைக்கு முனை பதினாறு நூற்கோடுகள் இழுப்பர். புள்ளி வைத்துக் கோலமிடும் நம் பெண்களுக்கு இது விளங்காததன்று. பின்பு கருநீல நிலத்தின்மேல் மெல்லிய வெள்ளை நூலை எடுத்து, ஒரு கோட்டில் முனைக்கு அருகிலும், அடுத்த கோட்டில் சற்றுத் தள்ளியும், சிறு தையல் போட்டுக்கொண்டே சுற்றி வருவர். அடுத்த சுற்று சிறிது இடைவெளி விட்டுப் புறத்தே அமையும். நூல்கள் ஒன்றையொன்று கடக்குமிடத்து வலை தோன்றுகிறது. உண்மை லேஸில் துளை உண்டு. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்பித்த பின்னல் அத்தகையது. பந்தில் துளை இல்லை. இடையே தெரியும் கருநீலமே துளையாக நின்று கண்ணை ஏமாற்றுகிறது. ஓர் இழை தளர்ந்தாலும் ஏமாற்று வெளிப்பட்டுவிடும்.

விளையாட்டுப் பொருளாக இருந்த தெமரி அழகுப் பொருளாகி அடங்கியதற்குக் காரணம் ரப்பர். மெய்ஜி காலத்தில் (1868–1912) ரப்பர்ப் பந்து அங்கே பரவியது. நூற்பந்து சிறிதே துள்ளும். இதுவோ தொட்டால் துள்ளும். சிறுமியர் எதைக் கேட்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

இங்கேதான் கதை கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருகிறது. காலக்கணக்கில் பிழை கூடாது: ஜப்பான் சென்ற முதற் பந்துகளில் மலாயாவின் பால் இல்லை. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகள் வளர்ந்து பெருகி, 1890களில்தான் காஜாங்கின் இஞ்ச் கென்னத் போன்ற தோட்டங்கள் தோன்றின. ஆனால் அடுத்த இருபதாண்டுகளுக்குள் உலகச் சந்தைக்கு ரப்பர் பெருமளவில் சென்றது இந்நாட்டிலிருந்துதான். 1901இல் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகம் (1972 முதல் போர்ட் கிள்ளான்) வழியே கப்பலேறிய ரப்பரில், விடியுமுன் பெரட்டுக்கு நின்ற தமிழரின் உழைப்பு இருந்தது. வரிப்பந்தை இலக்கியத்தில் வைத்திருந்த இனத்தின் கைகளே அதை வென்ற பொருளையும் மரத்திலிருந்து வடித்தன.

மரம் வெட்டுவோர் அறிந்த ஒரு பொருள் உண்டு. பால் வடிந்தபின் வெட்டுக்கோட்டில் மெல்லிய நாடாவாக உறைந்து நிற்பது கோட்டுப்பால். மறுநாள் வெட்டுமுன் அதை உரித்தெடுக்க வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் அதற்கு 'ட்ரீ லேஸ்', அதாவது மரத்தின் லேஸ், என்று பெயரிட்டனர். தோட்டத்துப் பிள்ளைகள் கடைப் பந்துக்குக் காசு தேடவில்லை. துணிச்சுருளையோ காகிதத்தையோ உள்ளே வைத்து, அந்த நாடாவை இழுத்து இழுத்து மேலே சுற்றினார்கள். லயத்து வாசலில் கூரைக்கு மேலே துள்ளியது அந்தப் பந்து.

தோட்டங்கள் பல பின்னர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்தன. கோட்டுப்பால் என்ற சொல்லும் இங்கே அருகிவிட்டது. 'வரிப்புனை' வரும் பாடத்தை நடத்தும் ஆசிரியர், வகுப்பில் தோட்டத்துப் பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் இருந்தால், அந்தப் பந்தைப் பற்றி வீட்டில் கேட்டு வரச் சொல்லலாம்.