தானக் கண்ணில் விழும் இரண்டாம் திரை

கொழும்பு கொம்பனித்தெருவின் பட்டறையொன்றில் இரும்பு தேய்க்கும் தொழிலாளியின் கண்ணில் பொறி பட்டால், அவன் நாடுவது அருகிலுள்ள கண் ஆஸ்பத்திரியையே. புண் ஆறியும் விழிவெண்படலத்தில் தழும்பு நிலைத்துவிடின், இறந்தவர் ஒருவரின் கண்ணே அவனுக்கு ஒளி தரவேண்டும். இவ்வொளியின் வரலாற்றை நாம் தானத்தின் பெருமையோடு முடித்துவிடுகிறோம். அது தவறு.

1905 டிசம்பர் 7ஆம் நாள், மொராவியாவில் எட்வர்ட் சிர்ம் என்னும் வைத்தியர் மனித விழிவெண்படலத்தை இன்னொரு மனிதனுக்கு முதன்முதலாக வெற்றியுடன் ஒட்டினார். பார்வை பெற்றவர் சுண்ணாம்பினாற் கண் வெந்த ஓர் உழைப்பாளி. 1930களில் ஒடெசாவின் பிலத்தோவ், இறந்தோரின் கண்ணும் இதற்கு உதவும் என நிறுவினார். நம் நாட்டில் ஹட்சன் சில்வா, 1960இல் மறைந்த தம் தாயாரின் கண்களை ஏழை விவசாயி ஒருவருக்கு அளித்தார். 1961இல் இலங்கைக் கண்தான சங்கம் தோன்றியது. 1964இல் இங்கிருந்து சிங்கப்பூருக்குக் கண்கள் சென்றன.

ஆயின், ஒட்டிய படலத்தை உடல் அந்நியமெனத் தள்ளாதிருக்க ஸ்டீரொயிட் சொட்டு மருந்து மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வேண்டும். 1960இல் வெளியான ஓர் ஆய்வு, ஸ்டீரொயிட்டை நெடுங்காலம் உட்கொண்ட மூட்டுவாத நோயாளரின் கண்வில்லையிற் புரை படர்வதைக் காட்டிற்று. சொட்டு மருந்தும் அவ்வாறே செய்யவல்லது எனப் பின்னர் தெளிவாயிற்று. முதுமையும் சத்திரசிகிச்சையின் தாக்கமும் இதனோடு சேர்கின்றன. ஒட்டைக் காக்கும் மருந்தே இரண்டாம் திரைக்கும் காரணமாகிறது. அதற்கஞ்சி மருந்தைத் தாமாக நிறுத்துவோர் ஒட்டையே இழக்க நேரிடும்.

புரையை அகற்ற வழியுண்டு. 1949இல் லண்டனில் ஹரல்ட் ரிட்லி செயற்கை வில்லை பொருத்தினார்; 1992 முதல் மதுரை அரவிந்த் நிறுவனத்தார் அதனை மலிவாக்கினர். எனினும் ஒட்டுக் கண் மென்மையானது. படலத்தின் உட்புற உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் பெருகா. புரைச் சிகிச்சை அவற்றுட் சிலவற்றைப் பலிகொள்ளும். எஞ்சியவை போதாவிடின் ஒட்டு மங்கும். ஆதலால் தையல் அகற்றி, ஒட்டின் வடிவம் நிலைபெற்ற பின்னரே வில்லையின் அளவைக் கணிப்பது பெருவழக்கு. முன்னரே புரை முற்றியிருப்பின், இரண்டையும் ஒருங்கே செய்வதும் உண்டு.

இத்தனைக்கும் ஆண்டுக்கணக்கான கண்காணிப்பு வேண்டும். கிளினிக்குக்குச் செல்லும் நாளில் நாட்கூலிக்காரனுக்கு வருமானம் இல்லை. கண் இலவசம், பயணமும் இழந்த கூலியும் இலவசமல்ல. கொடுத்தவர் தம் கடமையை முடித்துச் சென்றுவிட்டார். அக்கண்ணை இறுதிவரை காப்பது சமுதாயத்தின் கடமை. அதனைத் தனியொருவனின் சட்டைப்பையிடம் விட்டுவிடலாகாது.